ஹோஸ்ட் என்ற சொல்லோடு வந்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் சொன்ன பெயர் ஒன்று உண்டு. அது அவருடையதுதானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே பெயரில் எங்கேயாவது ஒரு நல்ல மனிதர் இருக்கக்கூடும். அவருக்கு ஏன் வீண் பழி? நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். அம்மா முதலில் ஐயா என்றார், பிறகு தம்பி என்றார். கடைசியில் எப்படியும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் "அவர்" என்றால் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டிருந்தது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. கீழே ஹோல், குசினி, அம்மாவின் அறை. மேலே இரண்டு அறைகள். அப்பா இறந்த பிறகு மேல் அறைகளில் ஒன்று சும்மா கிடந்தது. நான் பொரளையில் ஒரு லாபில் வேலை செய்கிறேன். இரத்தம், சிறுநீர், மலம் என்று மனிதர்கள் போத்தலில் கொண்டு வருவதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது என் தொழில். காலையில் போனால் பின்னேரம்தான் வீடு. அம்மா பகல் முழுதும் தனியே.

"யாராவது வந்து போற மாதிரி இருந்தா வீட்டுக்கு நல்லது மகள்" என்று அம்மாதான் ஆரம்பித்தார். பயணிகளுக்கு அறை தேடித் தரும் ஒரு செயலியில் மேல் அறையைப் போட்டேன். அம்மாவின் படத்துக்குக் கீழே ஹோஸ்ட் என்று வந்தது.

"அது என்ன ஹோஸ்ட்?"

"வீட்டுக்காரி எண்டு அர்த்தம்."

"அப்ப வீட்டுக்காரி எண்டே போட்டிருக்கலாமே" என்றார் அம்மா. ஆனாலும் அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் பூசைக்குப் போனபோது சிநேகிதிகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளைக்காரப் பெடியன்கள் சிலர் வந்தார்கள், இரண்டொரு நாள் தங்கினார்கள், போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர் அவர்.

சின்ன உருவம். அறுபது வயதுக்குக் கொஞ்சம் மேலே. நன்றாகத் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேர்ட். ஒரு சூட்கேஸுடன் மத்தியான வெயிலில் வாசலில் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. நான் "வாங்கோ அங்கிள்" என்றேன். அவர் அசையவில்லை.

"வீட்டுக்காரர் சொல்லட்டும் மகள். அதுதானே முறை."

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, துடைத்து, வந்து "வாங்கோ ஐயா" என்று சொல்லும்வரை அவர் வெயிலிலேயே நின்றார். சொன்னதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கும்தான்.

லண்டனில் ஆங்கிலம் படிப்பித்தவர், ஓய்வு பெற்றவர், சொற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார் என்று சொன்னார். அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் சொற்களைப் பற்றிப் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரில் இருப்பவர்தான் கொஞ்சம் முன்னே குனிய வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் குனிந்தோம்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. அம்மா அவரை அப்பாவின் கதிரையில் இருக்கச் சொல்லி, இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் வைத்தார். அவர் முதலில் அம்மாவின் கிளாஸில் தண்ணீர் ஊற்றினார், பிறகு என்னுடையதில், கடைசியில்தான் தன்னுடையதில்.

"அக்கா, நீங்கள் என்ர ஹோஸ்ட். இந்தச் சொல் எங்கையிருந்து வந்தது தெரியுமே? ஹோட்டல், ஹோஸ்பிட்டல், ஹொஸ்டல் எல்லாம் ஒரு குடும்பம். லத்தீன் வேர். அந்த வேரில வீட்டுக்காரனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்லுத்தான்."

"அதெப்பிடி?" என்றேன். "யாரு யாரு எண்டு எப்பிடித் தெரியும்?"

"சொல்லைக் கேட்டால் தெரியாது மகள். ஆர் எந்தக் கதிரையில இருக்கினம் எண்டு பாக்கோணும்."

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா இன்னொரு இடியப்பம் வைத்தார்.

இரண்டு கிழமைக்கென்று வந்தவர் அது முடியும் நாளில் கீழே இறங்கி வந்து, போகும் ஆளைப்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "தமிழில விருந்து எண்டால் புதுசு எண்டுதான் பழைய பொருள் அக்கா. நான் இப்ப புதுசில்லை. அப்ப விருந்தாளியும் இல்லை. பிறகு நான் ஆர்?"

"நீங்க எங்கட ஆள் தம்பி" என்றார் அம்மா.

அன்றைக்குத்தான் ஐயா தம்பியானது. வாடகையில் ஒருநாளும் அவர் பிந்தவில்லை. மேல் அறையின் திறப்போடு வாசல் பூட்டின் திறப்பையும் அம்மா கொடுத்தார்.

அடுத்த செவ்வாய் அம்மா கோயிலால் வந்தபோது அவர் ஹோலில் இருந்தார். "நன்மை வாங்கினீங்களோ அக்கா?" என்று கேட்டார். வாங்கினேன் என்றார் அம்மா. "பூசையில சாமியார் வாயில வைக்கிற அந்த ஓஸ்தி அப்பம் இருக்கே, அதையும் இங்கிலீஷில ஹோஸ்ட் எண்டுதான் சொல்லுறது."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "உண்மையாவா?"

"ஓம். நீங்கள் சின்ன வயசில இருந்து சொல்லுற ஓஸ்தி போர்த்துக்கேயன் கொண்டுவந்தது. ரெண்டும் ஒண்டுதான்."

தான் ஒரு கோயில் சொல்லாக இருப்பது அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோசம். நான் வேலையால் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். சாப்பிடும்போது நான் அவரிடம் கேட்டேன், லத்தீனில் அதற்கு என்ன பொருள் என்று.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேசைவிரிப்பின் நுனியால் துடைத்தார். அது அவருடைய பழக்கம். "பலி" என்றார். "பலி குடுக்கக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிற மிருகம். மற்றச் சொல்லோட இதுக்கு ரத்த உறவு இல்லை எண்டும் சொல்லுவினம், இருக்கு எண்டும் சொல்லுவினம். எனக்கெண்டால் இருக்கு எண்டுதான் படுது."

அம்மா அதைக் கேட்டாரா தெரியவில்லை. அங்கிளின் தட்டில் மீன் துண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் எந்த நாளில் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பயப்படுவதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் காரணம். அம்மாவுக்கு பிரஷர் குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பார். குசினியில் எண்ணெய் குறைக்கச் சொல்வார். நல்ல விசயம்தானே? பிறகு ஒருநாள் கருவாடு மணக்கிறது என்றார். அம்மா கருவாடு வாங்குவதை நிறுத்தினார். ரேடியோவில் அம்மா கேட்கும் நாடகத்தின்போது அவர் மெல்ல மேலே போய்விடுவார், ஒன்றும் சொல்லமாட்டார். அம்மா நாடகம் கேட்பதை விட்டார். "அவர் சொன்னவரா?" என்று கேட்டேன். "சீச்சீ, அவர் ஒண்டும் சொல்லேல்ல" என்றார் அம்மா. உண்மைதான். அவர் ஒன்றுமே சொல்வதில்லை.

ஒருநாள் லாபில் ஒரு பிள்ளையின் மாதிரியில் கொக்கிப்புழு முட்டை நிறையப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் என் தொழிலைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனாலும் அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒரு முறுக்கு.

"எங்கட லாபிலயும் ஹோஸ்ட் எண்டு ஒரு சொல் இருக்கு அங்கிள். ஒட்டுண்ணி எந்த உடம்பில இருக்குதோ, அந்த உடம்பு ஹோஸ்ட்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருடைய முகம் விரிந்தது. இவ்வளவு நாளும் இதை நான் சொல்வதற்காகக் காத்திருந்தவர்போல முன்னே குனிந்தார்.

"பரசைட் எண்ட சொல்லுக்குக் கிரேக்கத்தில என்ன பொருள் தெரியுமே மகள்? பக்கத்தில இருந்து சாப்பிடுறவன். அவ்வளவுதான். ஒருத்தற்ற மேசையில, அவருக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுற ஆள். நல்லாக் கதைப்பான், சிரிக்கவைப்பான், சாப்பிடுவான். புழு பூச்சிக்கு அந்தப் பேரைப் பிறகுதான் வைச்சவை. முதல் அது மனிசனுக்கு வைச்ச பேர்." என் கிளாஸில் தண்ணீர் ஊற்றினார். "நல்ல ஒட்டுண்ணி ஹோஸ்டைக் கொல்லாது, என்ன? நீங்கள் படிச்சிருப்பீங்கள்."

நான் படித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் நல்ல உடுப்புப் போட்ட ஆண்களும் பெண்களும். ஹோலில் சுற்றிவர இருந்து அவர் பேசுவதைக் கேட்பார்கள். "ஹோஸ்ட் எண்டால் பெரும்படை எண்டும் அர்த்தம்" என்று எனக்குக் கண்சிமிட்டினார் ஒருநாள். "அது எதிரி எண்ட சொல்லில இருந்து வந்தது. முதல்ல அதுக்குப் பொருள் வெளியாள், அந்நியன். பிறகுதான் எதிரி ஆனது. பாவம், ஒரு சொல் எவ்வளவு தூரம் நடந்திருக்குது பாருங்கோ."

அம்மா குசினிக்கும் ஹோலுக்குமாக பிளேன்டீத் தட்டோடு நடந்தார். அப்போது ஒரு பெண், வயதில் என்னைவிட இளையவள், கோப்பையை எடுத்துக்கொண்டே அம்மாவிடம் அன்பாகக் கேட்டாள்:

"அன்ரி, கனகாலமா இஞ்ச வேலை செய்யிறீங்களா?"

நான் படியில் நின்றேன். அவர் அப்பாவின் கதிரையில் இருந்தார். அவருக்கும் கேட்டது, அவர் தலை திரும்பியது. இப்போது திருத்துவார் என்று காத்திருந்தேன். சொற்களில் ஒரு எழுத்துப் பிசகினாலும் திருத்துகிற மனிதர். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. "கனகாலம்."

அன்று மாலை அம்மாவிடம் சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுப் போவாளே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றார். நான் நம்ப விரும்பினேன்.

அந்தக் கிழமையே நீர்கொழும்பிலிருந்து சின்னம்மா லாபுக்கு போன் எடுத்தார். அம்மாவின் ஒரே தங்கச்சி. "உங்கட வீட்டில யாரு மகள் அந்த ஆள்?"

விளைமீன் நல்லதாகக் கிடைத்ததாம், அக்காவுக்குக் கொடுப்போம் என்று பஸ் ஏறி வந்திருக்கிறார். கதவைத் திறந்தவர் அவர். வாங்கோ, இருங்கோ, என்ன குடிக்கிறீங்கள் என்று உபசரித்திருக்கிறார். அக்கா படுத்திருக்கிறா, எழுப்பவேண்டாமே என்று சொல்லியிருக்கிறார்.

"என்னை உள்ள விடேல்ல எண்டு சொல்ல ஏலாது. நல்ல மரியாதையாத்தான் கதைச்சவர். ஆனா எனக்கு அந்த வாசல்படியில கால் வைக்க மனம் வரேல்ல. நான் பிறந்து ஓடித் திரிஞ்ச வீடு. மீனைக் குடுத்திட்டு வந்திட்டன்."

அன்று வீட்டில் மீன் சமைத்திருந்தது. யார் தந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. "அவர் வாங்கிக்கொண்டு வந்தவர்" என்றார்.

செயலியில் தங்கவருபவர்களைப் பற்றி முன்னைய வீட்டுக்காரர்கள் ஒரு வரி எழுதுவார்கள். அவரைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் பாராட்டு. "எங்கள் வீட்டில் ஒருவர்", "எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்" என்று. எங்கள் வீட்டுக்கு வரும் முன்பு அவர் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு பிளட்டில் நீண்டகாலம் இருந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரருக்கு நான் எழுதினேன். பதில் எழுதியது அவருடைய தங்கை சரோஜா. ஒரே வரி: நேரே வாங்கோ, போனில் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ரயில் போனால் யன்னல் அதிரும் ஒரு பிளட். சரோஜா அன்ரிக்கு ஐம்பது வயதிருக்கும். கதவைத் திறந்ததும் என்னைவிட முதலில் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

ஹோலில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையின் நுனியில் ஒருவர் இருந்தார். நீளக் காற்சட்டை, சப்பாத்து, சீவிய தலை. எங்கேயோ போகப் புறப்பட்டு, யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் ஆளைப்போல. அவர்தான் அண்ணன் என்றார் சரோஜா அன்ரி. இந்த பிளட் அவருடையது. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை.

என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார்.

"மன்னிக்கோணும். நான் இதில இருக்கலாமா?"

"இருங்கோ அண்ணா" என்றார் சரோஜா அன்ரி. அவர் இருந்தார்.

"பாத்ரூமுக்குப் போறதெண்டாலும் கேட்டிட்டுத்தான் போவார்" என்று அன்ரி தாழ்ந்த குரலில் சொன்னார். "டொக்டர்மாரட்டக் காட்டினம். மூளையில ஒண்டும் இல்லை எண்டு சொல்லிட்டினம். எல்லாம் விளங்குது, எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா தன்ர வீடு எண்ட எண்ணம் மட்டும் இல்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னால், 'இல்லை, நான் கெதியா வெளிக்கிட்டிடுவன்' எண்டுறார்."

"எங்கட வீட்டில இருக்கிற அந்த அங்கிள் ஏதாவது எடுத்தவரா? வெருட்டினவரா?"

"ஒரு கரண்டிகூட எடுக்கேல்ல. ஒரு உரத்த சொல்லுச் சொல்லேல்ல. அண்ணாவோட இருந்து சொல்லுகளைப் பற்றிக் கதைச்சவர், அவ்வளவுதான். அண்ணா வெளிக்கிட்டுப் போறதை விட்டார், ஆக்களோட கதைக்கிறதை விட்டார். நான் கண்டியில இருந்தனான், எனக்கு ஒண்டும் தெரியாது. போன் எடுத்தால் அந்த மனிசன்தான் எடுப்பார். 'அண்ணா நல்லா இருக்கிறார்' எண்டுவார்."

"பிறகு ஏன் போனவர்?"

சரோஜா அன்ரி தன் அண்ணனைப் பார்த்தார். அவர் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாவால ஒரு டீ போட்டுக் குடுக்கக்கூட ஏலாமல் போச்சுது. அவர்தான் அண்ணாவுக்குப் போட்டுக் குடுக்கவேண்டி வந்தது. அப்ப போயிட்டார்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமிருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். இருந்தால் இன்னும் நேரமாகும் என்பதுபோல ஒரு மடத்தனமான எண்ணம்.

வீட்டில் அம்மாவின் கட்டில் அம்மாவின் அறையில் இல்லை. குசினிக்குப் பக்கத்தில் அரிசியும் பழைய பெட்டிகளும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. கட்டில் அங்கே நின்றது. மாதாவின் படமும் அங்கே மாறியிருந்தது. அம்மா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கு மாடி ஏற முழங்கால் நோகுதாம் மகள். எனக்கு இஞ்ச வசதிதான். குசினி கிட்ட."

நான் ஹோலுக்குப் போனேன். அவர் அப்பாவின் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த சுளைகளை மூன்று பங்காக வைத்திருந்தார்.

"அங்கிள், நீங்க இந்தக் கிழமையோட வேற இடம் பாருங்கோ. நான் செயலியிலயும் நிப்பாட்டிட்டன்."

"அது செயலியில மகள்" என்றார் மெதுவாக. "நான் இருக்கிறது வீட்டிலயல்லோ."

"நான் வெள்ளவத்தைக்குப் போயிட்டு வாறன். சரோஜா அன்ரியக் கண்டனான்."

அவர் ஒரு சுளையின் நாரைக் கவனமாக எடுத்தார். "அவர் சுகமா இருக்கிறாரோ? நல்ல மனிசன். எனக்கு அவர்ல நல்ல விருப்பம்." தலையை நிமிர்த்தினார். "விருந்தாளியைப் போகச் சொல்லுற உரிமை ஹோஸ்டுக்கு மட்டும்தான் மகள். உங்களுக்கில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேப்பம்."

அம்மா ஏற்கனவே வந்து குசினி வாசலில் நின்றார். கையில் தலையணை உறை.

"அம்மா, இவரைப் போகச் சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். என் அம்மா யார் என்றால், அப்பா இறந்த அன்று மையவீட்டில் சொத்துக் கதை எடுத்த அப்பாவின் அண்ணனை வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னவர். ஒழுங்கையில் அவருடைய குரலுக்கு மீன்காரன் பயப்படுவான். அந்த மனுஷி, என்ன சொல்லவேண்டும் என்று கேட்பதுபோல அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ அக்கா" என்றார் அவர் அன்பாக. "பயப்படாதேங்கோ. உங்கட வீடு."

"அவர் இருக்கட்டும்" என்றார் அம்மா.

பொலிஸுக்குப் போவதா? போய் என்ன சொல்வது? நேரத்துக்கு வாடகை தருகிறார், அம்மாவுக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கிறார், சொற்களுக்குப் பொருள் சொல்கிறார் என்றா? முறைப்பாடு எழுதுகிறவர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார். யோசித்துப் பார்த்தபோது எனக்கு மிஞ்சியது என் தொழில் ஒன்றுதான். புழுவோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. உடம்பை அதனிடமிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, நீர்கொழும்பில் சின்னம்மா வீட்டில் கொஞ்ச நாள் நிற்கப் போகிறோம் என்று சொன்னேன். அம்மா உடனே "அவருக்குச் சாப்பாடு?" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை, அவரே "போயிட்டு வாங்கோ அக்கா, தங்கச்சியக் கண்டு கனகாலமல்லோ. வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். முழங்கால் நோவுகாரர் எங்கள் பையைத் தானே தூக்கி முச்சக்கரவண்டியில் வைத்தார். பிறகு வாசலில் போய் நின்று கை காட்டினார்.

"வந்ததுக்கு நல்ல சந்தோசம்" என்றார். "கட்டாயம் திரும்பி வாங்கோ."

அம்மாவும் கை காட்டினார். வண்டி ஒழுங்கையைத் தாண்டியபோது நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டை, திறப்போடு, அவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நான் செய்வது சரியா பிழையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நீர்கொழும்பில் முதல் நாட்கள் கொடுமை. தண்ணீர் குடிப்பதற்கும் அம்மா சின்னம்மாவைக் கேட்டார். கதிரையின் நுனியில் இருந்தார். அம்மாவின் சப்பாத்தில்லாத கால்களைப் பார்த்து நான் எனக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு நாளும் அம்மாவின் போனுக்கு எடுத்தார்; அதை நான் என் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு சின்னம்மாவின் போனுக்கு எடுத்தார். அந்த நம்பரை நாங்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை. சின்னம்மா எடுக்காமல் விட்டார்.

ஒருநாள் விடியவே முற்றத்தில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா மீன்காரனோடு சண்டை. "கண்ணப் பாரு, செவிளப் பாரு, இதையா காலம்பிற பிடிச்சது எண்டுறாய்?" சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கேட்டில் சாய்ந்துகொண்டு அழுதேன். அம்மாவுக்கு நாங்கள் ஏன் அழுகிறோம் என்று விளங்கவில்லை. மீன்காரனுக்கும்தான்.

அவருடைய அழைப்புகளும் அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நின்றன. நான் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா என்னைக் கண்டதும் "மஹத்தயா கியா" என்றார், ஐயா போய்விட்டார் என்று. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுதும் இருந்தாராம். வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தாராம். ஞாயிறு ஆட்கள் ஒரு தரம் வந்தார்கள்; டீ இல்லை, சாப்பாடு இல்லை; பிறகு வரவில்லை. ஒருநாள் சூட்கேஸோடு போய்விட்டார்.

உள்ளே எல்லாம் துப்புரவாக இருந்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. அம்மாவின் கட்டிலை அவரே பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் குளிரெடுக்க வைத்தது. பூட்டை மாற்றினேன். அம்மாவைக் கூட்டிவந்தேன். அந்த மேல் அறையை நாங்கள் பிறகு ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கருவாடு வாங்குகிறார், நாடகம் கேட்கிறார். அவரைப் பற்றிக் கதை வந்தால் மட்டும் "நல்ல மனிசன்" என்பார். "எவ்வளவு விசயம் தெரிஞ்ச ஆள்" என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் லாபில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். பெண் குரல், இளம் குரல்.

"அக்கா, நாங்க தெஹிவளையில இருந்து கதைக்கிறம். எங்கட வீட்டில ஒரு அங்கிள் ரெண்டு கிழமையா இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டா எண்டு கேக்கிறார். என்ர ஹஸ்பண்ட் கட்டாரில வேலை, இஞ்ச நானும் பிள்ளையும்தான். அதுதான் யோசினையா இருந்தது. அவர்தான் உங்கட நம்பரத் தந்தவர், அவையைக் கேட்டுப் பாருங்கோ எண்டு."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளவத்தையில் கதிரை நுனியில் இருக்கும் மனிதரைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

முடித்ததும் அவள் மெல்லச் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. சங்கடச் சிரிப்பு.

"நீங்க இப்பிடித்தான் சொல்லுவீங்க எண்டு அவர் முதலே சொன்னவர் அக்கா. அம்மாவுக்கு நல்ல பாசமாம். மகளுக்குத்தான் தன்னில கொஞ்சம் மனஸ்தாபமாம். அதையும் கேட்டிட்டு நீங்களே முடிவெடுங்கோ எண்டவர்."

"தங்கச்சி, இஞ்ச பாருங்கோ. நீங்க ஒண்டும் முடிவெடுக்க வேணாம். உங்கட வீடு எங்க எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன்."

போனில் சின்னப் பிள்ளை ஏதோ கேட்கும் சத்தம். யாரோ தாழ்ந்த குரலில் அதற்குப் பதில் சொல்லும் சத்தம். பிறகு அவள் குரல் திரும்பி வந்தது.

"ஒரு நிமிசம் இருங்கோ அக்கா" என்றாள். "அவரைக் கேட்டிட்டுச் சொல்லுறன்."